வெற்றிலை வைத்து அழைத்த குத்துச்சண்டை

பெரம்பலூர்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வீரமணி எழுதுவது. நீ என் நம்பரை பிளாக் செய்து நாலு மாதம் ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்கிற பட்டன் இன்னும் எந்தப் போனிலும் வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நீ முதலில் தேடுவது உன் மகளைப் பற்றிய சேதியாகத்தான் இருக்கும். சக்தி நன்றாக இருக்கிறாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறாள், கல்லூரிக்குப் போகிறாள், சாயங்காலம் என்னிடம் பயிற்சி. ஜெகதாம்பாள் அவளுக்கு வேளைக்கு நாலு முட்டை அவிக்கிறாள். கட்டிய புருஷன் எனக்கு ஒன்றுதான்.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே வெள்ளிவிழா அரங்கத்தில் குத்துச்சண்டைப் போட்டி நடத்துகிறேன். மொத்தம் எட்டு சண்டை. கடைசிச் சண்டை சக்தியுடையது. எதிரே தூத்துக்குடிப் பெண் பிரவீணா, போன வருடம் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தவள். அவளை ஜெயித்தால் சக்தியின் பெயர் மாநிலப் பயிற்சி முகாமுக்குப் போகும்.

சிக்கல் என்னவென்றால் டிக்கெட் போகவில்லை. நானூறு அடித்தேன். மூன்று வாரமாக விற்று, போனது அறுபத்தொன்று. அதில் பன்னிரண்டு என்னோடு வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாத்தியார்கள், முகத்துக்கு அஞ்சி வாங்கியது. ஒரு டீக்கடைக்காரர் கேட்டார், "அம்பது ரூவா குடுத்து அடிதடி பாக்கணுமா சார்? ஒயின்ஷாப் வாசல்ல சும்மாவே காட்றானுங்களே."

அரங்கத்தையும் நீ பார்த்தால் சிரிப்பாய். கூரைத் தகட்டில் ஓட்டை, அதற்கு நேர் கீழே புறா எச்சம். மேற்குக் காலரியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்று கயிறு கட்டி மூடிவிட்டார்கள். இருந்தாலும் மற்ற மூன்று பக்கமும் நிறைந்தால் நானூறு பேர் உட்காரலாம்.

பிப்ரவரி 28-க்குள் முந்நூறு டிக்கெட்டாவது போகாவிட்டால் கடைசிச் சண்டையைச் சென்னைக்கு மாற்றிவிடுவோம் என்று மாநிலக் குத்துச்சண்டைச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். போட்டி எங்கே நடந்தால் என்ன என்று சக்தியிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சென்னைன்னா அம்மா வராது மாமா. பெரம்பலூர்னா அரியலூர்ல ஒரு பஸ் மாறினா போதும். திட்றதுக்காவது வரும்."

அதனால் இத்துடன் ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். முன்வரிசை. மச்சானுக்கும் வேண்டும் என்றால் எழுது. மச்சான் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உன் கோபம் குறைய வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டிருக்கும்,
தம்பி வீரமணி


விக்கிரமங்கலம்
3.2.2025

தம்பி வீரமணிக்கு,

அக்கா கொளஞ்சியம்மாள் எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய சீட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக எடுத்து வைத்துக்கொள், வேறு யாருக்காவது விற்கலாம்.

கூடப் பிறந்தவளுக்கு, விலை அச்சடித்த சீட்டைத் தபாலில் அனுப்புகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு வெற்றிலை உண்டா, பாக்கு உண்டா, "அக்கா வந்துடணும்" என்று நேரில் ஒரு வார்த்தை உண்டா? என் மகள் மேடை ஏறுகிறாள் என்பதை எனக்கே ஐம்பது ரூபாய்க்கு விற்கிறாய். நன்றாக இருக்கிறது உன் முறை.

நான் ஏன் உன் நம்பரை எடுத்துப் போட்டேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் போல் ஜோக் எழுதுகிறாய். ஆகவே நானே எழுதுகிறேன். போன செப்டம்பரில் சேலத்துப் போட்டியில் அவள் மூக்கெலும்பு விலகியது. நான் போன் செய்தபோது "காய்ச்சல்க்கா, தூங்குறா" என்றாய். அதை நம்பி எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் போய், அவள் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அங்கன்வாடியில் பிள்ளையை விட வந்த ஒருத்தி போனைக் காட்டி, "டீச்சர், ஒங்க பொண்ணுக்கு மூக்குல என்னா பிளாஸ்திரி?" என்று கேட்டாள். ஊரே பார்த்த பிறகு பெற்றவள் பார்க்கிறேன். இல்லாத காய்ச்சலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தவளை அந்தச் சாமிதான் என்ன நினைத்திருக்கும்?

மூக்கு போனதுகூட எனக்குப் பெரிதில்லை. நாற்று நடுகிறவளுக்கு முதுகு போகிறது, லாரி ஓட்டுகிறவருக்கு இடுப்பு போகிறது. எந்த வேலையிலும் ஏதோ ஒன்று போகத்தான் செய்யும். நீ என்னிடம் மறைத்தாய் பார், அதுதான். உன் கோப்பைக்காக என் பெண்ணை வைத்து விளையாடுகிறாய் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்னமும் அப்படித்தான் தோன்றுகிறது.

உன் அரங்கத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இருக்கிறதா? கதவோடு இருக்கிறதா? முதலில் அதைப் பார். மூன்று மணி நேரம் உட்கார வேண்டும் என்றால் எந்தப் பெண்ணும் முதலில் அதைத்தான் யோசிப்பாள். உனக்கு ஏன் டிக்கெட் போகவில்லை என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

இப்படிக்கு,
கொளஞ்சியம்மாள்

அவளுக்கு முட்டை மட்டும் கொடுத்தால் உடம்பு சூடாகும். ஜெகதாவிடம் மோர் கொடுக்கச் சொல்.


பெரம்பலூர்
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஜெகதா ஒரு முறை படித்துவிட்டு, "அக்கா சொல்றதுல எது தப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எதுவும் தப்பில்லை.

அன்றைக்கு நான் சொன்னது பொய்தான். நீ பயந்துவிடுவாய் என்று சொன்னேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. நீ "போதும், பெண்ணை அனுப்பு" என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அவளை இழக்க எனக்கு மனமில்லை. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன், இவளைப் போல ஒருத்தி கிடைத்ததில்லை. அதனால் உன்னிடம் மறைத்தேன். இனி அவள் விஷயத்தில் உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். இதை எழுத்தில் தருகிறேன், பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், நீ உன்னையே மெச்சிக்கொள்வாய். உன் கடிதம் வந்த மறுநாள், கோப்பைகள் தருவதாகச் சொல்லியிருக்கும் ஹுமாயூன் பாயின் கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். லப்பைக்குடிகாட்டுக்காரர், வாயைத் திறந்தால் சிரிப்புதான். அன்றைக்குச் சிரிக்காமல் சொன்னார், "சார், நீங்க நோட்டீஸ ஒட்டிப்புட்டு உக்காந்துட்டீங்க. எங்க ஊர்ல ஒரு நிக்காஹ்னா வூடு வூடா போயி சொல்லணும். சொல்லாத வூட்டுலேருந்து எவன் வருவான்?" நீ எழுதியதும் அதுதான், அவர் சொன்னதும் அதுதான். நம் ஊர்ப்பக்கம் யாரையும் விலை சொல்லிக் கூப்பிட முடியாது, மரியாதை சொல்லித்தான் கூப்பிட முடியும். எனக்கு இது நாற்பத்து நாலு வயதில் புரிந்திருக்கிறது.

ஜெகதாவின் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டேன். வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமம், மேலே டிக்கெட். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "எங்க அக்கா மக சண்டை போடுது, குடும்பத்தோட வந்துடணும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். சிலர் கல்யாணம் என்று நினைத்து, "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டார்கள். தூத்துக்குடிப் பெண் என்று சொல்லி, பிறகு விளக்க வேண்டியதாகிவிட்டது. தட்டை நீட்டி அழைத்த பிறகு டிக்கெட் காசு வைக்காமல் வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாலே நாளில் நூற்றுப் பத்து போய்விட்டது. பாய் வீட்டுத் தெருவில் குங்குமத்துக்குப் பதில் கற்கண்டு. அங்கே தட்டை அவரே தூக்கிக்கொண்டார்.

கக்கூஸுக்குக் கதவு இல்லைதான். கதவு மட்டுமில்லை, தண்ணீரும் இல்லை. இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன். மோரும் கொடுக்கிறோம்.

நீ சொன்னதையெல்லாம் கேட்கிற தம்பி,
வீரமணி


விக்கிரமங்கலம்
17.2.2025

தம்பி வீரமணிக்கு,

சனிக்கிழமை எங்கள் ஊருக்குள் தாம்பாளத்தோடு வந்தாயாம். மேலத்தெரு முழுக்க அழைத்துவிட்டு, என் தெருவுக்குள் நுழையாமல் பஸ் ஏறிவிட்டாயாம். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் மேலத்தெரு முத்தமிழ் கேட்கிறாள், "அக்கா, ஒன் தம்பி எங்களுக்கெல்லாம் வெத்தல வச்சிட்டுப் போச்சு. ஒனக்கு எப்ப வச்சிச்சு?" நான் என்ன சொல்வேன்? "எனக்குத்தான்டி மொதல்ல வச்சான்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதற்காக உன்னோடு பேசாமல் இருக்கிற என்னையே பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

உன் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "சொல்லிட்டல்ல, வந்து வச்சிட்டுப் போவட்டும். பொய் உண்மையாயிடும்" என்கிறார். அவர் பேசுவதே வாரத்துக்கு நாலு வார்த்தை, அதில் இரண்டை உனக்காகச் செலவழித்துவிட்டார்.

வந்தால் வா. நான் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. போட்டிக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பிளாக்கை எடுத்துவிட்டாயா என்று கேட்காதே, எடுக்கவில்லை. போனில் நீ சிரித்துப் பேசியே ஆளைச் சாய்த்துவிடுவாய். எழுத்தில் அது நடக்காது. சொல்ல வேண்டியதை எழுது.

கொளஞ்சியம்மாள்


பெரம்பலூர்
1.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு நான் வந்தபோது சொன்னது போலவே நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மச்சான்தான் தட்டை வாங்கிக்கொண்டார். ஆனால் உள்ளேயிருந்து வந்த குழம்பில் கத்திரிக்காய் இல்லை. எனக்குக் கத்திரிக்காய் ஆகாது என்பது மச்சானுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டது அதற்காகத்தான்.

கிளம்பும்போது மச்சான் வாசல்வரை வந்து, "அவ வருவா மாப்ள. வரலன்னு சொல்றவங்கதான் மொத பஸ்ல ஏறுவாங்க" என்றார். நான் சொன்னேன் என்று அவரிடம் கேட்காதே.

நல்ல சேதி, நேற்றோடு முந்நூற்று நாற்பது டிக்கெட் போய்விட்டது. சங்கத்தார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சண்டை பெரம்பலூரில்தான். சக்தியிடம் சொன்னபோது குதிக்கவில்லை, கத்தவில்லை. "அம்மா வூட்டுக்குத் தட்டு வச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வைத்துவிட்டேன் என்றேன். அன்றைக்கு மணல் மூட்டையை அவள் குத்திய குத்தில் தையல் பிரிந்துவிட்டது.

பெண்கள் பக்கம் இரண்டு கதவும் போட்டாயிற்று. நீலப் பெயிண்ட். தாழ்ப்பாள் உள்பக்கம்.

அன்புடன்,
வீரமணி


பெரம்பலூர்
5.3.2025, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானின் லாரி இன்று இந்தப் பக்கம் வந்தது. தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை, அதனால் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் வந்து சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிடுவேன்.

நேற்று சாயங்காலம் பயிற்சியில் சக்தியின் இடது கைக் கட்டைவிரல் பிசகிவிட்டது. அடிப்பகுதியில் வீக்கம். உடனே எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை. உள்ளே தசைநார் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு சண்டை போடலாம், ஆனால் அதே இடத்தில் பலமாகப் பட்டால் நார் அறுந்து ஆபரேஷன்வரை போகவும் வாய்ப்பு இருக்கிறது, அப்புறம் ஆறு மாதம் கையை அசைக்க முடியாது என்றும் சொன்னார். இதில் நான் எதையும் குறைத்தோ கூட்டியோ எழுதவில்லை.

சக்தி என்னிடம் சத்தியம் கேட்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. சொன்னா அது வராது. அது வராம நான் ஜெயிச்சு என்னத்துக்கு?" நான் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. உனக்கு எழுதுகிறேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து என்னை முறைக்கிறாள்.

டிக்கெட் வாங்கியவர்கள், சங்கம், பாய், எல்லோரையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை எழுது, சண்டையை நிறுத்திவிடுகிறேன். வீடு வீடாகப் போய் வெற்றிலை வைத்த அதே தட்டோடு போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி வீரமணி


விக்கிரமங்கலம்
6.3.2025

தம்பி வீரமணிக்கு,

உன் மச்சான் கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தார். நான் படித்து முடிக்கிறவரை சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு அவரிடமும் படிக்கக் கொடுத்தேன். இந்தப் பதிலையும் அவர்தான் கொண்டுவருகிறார். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசித் தொலைங்க, டீசல் செலவாவது மிச்சம்" என்கிறார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடி படித்தபோது அழுகை வந்தது. என் பெண் விஷயத்தில் ஒருத்தர் என்னிடம் வந்து, "என்ன செய்யலாம், நீ சொல்" என்று கேட்பது இதுதான் முதல் தடவை. அவளைக் கல்லூரியில் சேர்ப்பதையும் நீயும் உன் மச்சானும்தான் முடிவு செய்தீர்கள், கிளவுஸ் மாட்டியதும் நீங்கள்தான். நான் சோறு கட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வேண்டாம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். எழுத முடியவில்லை. அவளுக்கு இருபத்தொரு வயது. கை அவளுடையது. டாக்டர் ஆடலாம் என்கிறார், அவளும் ஆடுவேன் என்கிறாள். நான் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வாள். ஆனால் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். எனக்கு அது வேண்டாம்.

சண்டை நடக்கட்டும்.

ஒன்றே ஒன்று. எனக்குக் குத்துச்சண்டை தெரியாது. எந்த அடி லேசு, எந்த அடி பலம் என்று காலரியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு விளங்காது. அவள் முகத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, சின்ன வயதிலேயே வலித்தால் சிரிப்பாள். உனக்குத்தான் தெரியும். அங்கே நீ எனக்குப் பதிலாக நிற்கிறாய் என்று நினைத்துக்கொள்.

நானும் உன் மச்சானும் வருகிறோம். சீட்டை மறுபடி அனுப்ப வேண்டாம், தட்டில் வைத்ததே போதும்.

அக்கா கொளஞ்சியம்மாள்


பெரம்பலூர்
12.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனாலும் நான் நின்ற மூலையிலிருந்து என்ன தெரிந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் சண்டை தொடங்கியபோது காலரியில் நாற்பது பேர்கூட இல்லை. சங்கத்துப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்துவிட்டது. டிக்கெட் எல்லாம் போய்விட்டது சார் என்று நான் சொல்கிறேன், அவர் காலி சிமெண்டைக் காட்டுகிறார். ஹுமாயூன் பாய்தான் விஷயத்தைப் பிடித்தார். "கல்யாணத்துக்கு மாதிரி கூப்ட்டீங்க, கல்யாணத்துக்கு மாதிரிதான் வருவாங்க சார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எவன் வந்தான்? சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவான்." அவர் சொன்னபடியே ஆறரை மணிக்கு வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பட்டுப் புடவை, மல்லிகைப் பூ, கைக்குழந்தை. மூன்று குடும்பம் சுவர்க் கடிகாரத்தைக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்து ரிங்கின் ஓரத்தில் வைத்தது. பந்தி எங்கே என்று கேட்டவர்களுக்கு ஜெகதா பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்துச் சமாளித்தாள். ஏழு சண்டையைக் காலிக் காலரிக்கு நடத்தி, எட்டாவதை நிறைந்த அரங்கத்துக்கு நடத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் ரவுண்டு சக்திக்கு. இரண்டாவது ரவுண்டும் அவளுக்குத்தான். கடைசி ரவுண்டான மூன்றாவதில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும், ஜெயித்துவிடுவாள். அப்போதுதான் அவள் இடது முழங்கை இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. காலரியில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த முறை பிரவீணா வீசியபோது சக்தி இடது கையைத் தூக்கவே இல்லை, தலையைச் சாய்த்துத் தப்பித்தாள். அதற்கு அடுத்த முறை சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் துண்டை எடுத்து ரிங்குக்குள் வீசிவிட்டேன். எங்கள் ஆட்டத்தில் மூலையிலிருந்து துண்டு விழுந்தால் சண்டையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். நடுவர் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்திவிட்டார். பிரவீணா ஜெயித்ததாக ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. நம் ஜனங்களுக்கு என்ன தெரியும்? மேடையில் ஒருவருக்குத் துண்டு போட்டால் கௌரவம் என்றுதான் தெரியும். "தாய்மாமன் துண்டு போட்டுட்டாருடா!" என்று யாரோ கத்த, மூன்று காலரியும் எழுந்து கை தட்டியது, விசில் அடித்தது. என்னைக் கட்டிப்பிடிக்க நாலு பேர் ஓடி வந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் என் பக்கம் திரும்பி, "ஏன் மாமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கயிற்றைத் தாண்டி உன்னிடம் வந்துவிட்டாள். உங்களோடு வேனில் ஏறிப் போய்விட்டாள். அவளுடைய பை, புத்தகம், ஓடுகிற ஷூ எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

ஜெயிக்க வேண்டிய பெண்ணைத் தோற்க வைத்துவிட்டேனோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சங்கத்தார் அவசரப்பட்டுவிட்டாய் என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை அக்கா. கை எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

வீரமணி


விக்கிரமங்கலம்
19.3.2025

அன்புள்ள தம்பி வீரமணிக்கு,

முதலில் கையைப் பற்றி எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை அரியலூரில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். நார் அறுபடவில்லை. இரண்டு வாரம் கட்டுப் போட்டால் சரியாகிவிடும். சக்தி அவரிடம் நேராகவே கேட்டாள், "இன்னும் ஒரு நிமிஷம் ஆடியிருந்தா என்னா ஆயிருக்கும் சார்?" அவர் யோசித்துவிட்டு, "ஒண்ணும் ஆயிருக்காதும்மா, ஆடியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நீ எனக்கு எழுதிக் கொடுத்தது பீரோவில் இருக்கிறதே, நான் மட்டும் எப்படி மறைப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவள் அழுதாள். பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்கள், அவளுக்குக் கவலையில்லை. "மாமா என்னை நம்பலம்மா. ஒரு நிமிஷம் என்னை நம்பியிருக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள் கோபம் நியாயமான கோபம். மாநில முகாம் கைக்கு எட்டி நழுவிவிட்டது. அதை நீயும் நானும் தடவிக் கொடுத்துச் சரி செய்துவிட முடியாது. அவள் கோபம் தீர்கிறவரை கோபப்படட்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சண்டை ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன். மூடத் தோன்றவில்லை. அவள் அந்த நாலு கயிற்றுக்குள் போனதும் வேறு ஆளாக இருந்தாள். காலை ஊன்றி நின்ற விதம், எதிராளியை அளந்து பார்த்த விதம். என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று இருந்தது. பக்கத்தில் உன் மச்சான் "குத்து, குத்து" என்று என் கையைப் போட்டுக் குத்துகிறார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன்.

அப்புறம் அவள் சிரித்தாள். நானும் பார்த்தேன். கத்துவதற்காக எழப் போனேன். அந்த நேரத்தில்தான் துண்டு பறந்து வந்து விழுந்தது. சுற்றி எல்லோரும் கை தட்டினார்கள். கல்யாண வீடு போல ஒரே ஆரவாரம். அத்தனை பேரில் நான் மட்டும் உட்கார்ந்து அழுதேன்.

தம்பி, செப்டம்பரில் நீ என் மகளைக் கோப்பைக்காக விற்றுவிடுவாய் என்று நினைத்தேன். அன்றைக்கு நீ வீடு வீடாகப் போய் அழைத்த அத்தனை ஜனத்துக்கும் முன்னால், உன் சங்கத்துக்கும் முன்னால், ஜெயிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது விட்டுக்கொடுத்தாய். டாக்டர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அது தேவையில்லாத துண்டாகவே இருக்கட்டும். தேவையா இல்லையா என்று கணக்குப் பார்க்காமல் போட்டாயே, அது போதும் எனக்கு. உன்மேல் இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது. இனி அவள் விஷயத்தில் உன்னை நான் சந்தேகப்பட மாட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனேன். ஒரு கையில் கட்டு, இன்னொரு கையால் காற்றில் குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "ஏன்டி நிறுத்துற?" என்றேன். "ஒனக்குப் பிடிக்காதும்மா" என்றாள். "பிடிச்சா என்னா, பிடிக்காட்டி என்னா, குத்து. நான் பாக்குறேன்" என்றேன். காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள். இருட்டுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவளைப் பெரம்பலூருக்கு நீ கூட்டிப் போன அன்று, நான் வயலில் இருந்தேன். திரும்பி வந்தபோது பெண்ணும் இல்லை, பெட்டியும் இல்லை. நல்லதற்குத்தான் செய்தாய் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் அந்த வெறும் வீடு எனக்கு மறக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, கட்டுப் பிரித்த பிறகு ஜெகதாவையும் கூட்டிக்கொண்டு வா. சக்தி உன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கத்தவும் செய்வாள். வாங்கிக்கொள், உனக்கு அது பாக்கிதான். அன்றைக்கு நான் எங்கேயும் போகமாட்டேன். அவள் பெட்டியை நானே அடுக்கி, வாசல்வரை நானே தூக்கி வந்து, என் பெண்ணை உன்னோடு நானே அனுப்பி வைக்கிறேன்.

உன் அக்கா,
கொளஞ்சி